டைல்ஸ் போடுகிறீர்களா? கொஞ்சம் தட்டிப் பாருங்கள்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு டைல்ஸ் கிடையாது. இருந்திருந்தால் 'டைல்ஸைப் போட்டுப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சுவருக்கு அடித்த வர்ணம் பிடிக்கவில்லையா, அடுத்த பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜன்னல் திரை அலுத்துவிட்டதா, புதிதாக ஒன்று தைத்துப் போடலாம். தரை அப்படியல்ல. ஒரு முறை போட்டால் இருபது வருஷம் நம் குடித்தனம் அதன் மேல்தான். குழந்தை தவழ்வது அதில், வயதானவர்கள் கால் ஊன்றுவது அதில், நாம் இடுப்பொடியத் துடைப்பதும் அதைத்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அதைப் போடும்போது நம்மிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "அம்மா, கிரீம் கலரா, சாம்பல் கலரா?" அத்தோடு சரி. மற்றதை எல்லாம் ஆண்களும் மேஸ்திரியும் வாசலில் நின்றே பேசி முடித்துவிடுவார்கள்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரணக் குடும்பப் பெண். கட்டட சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனாலும் 2025 கோடையில் எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது முழுக்க முழுக்க நானே கூட இருந்து பார்த்தேன். இவருக்கு ஷிஃப்ட் வேலை, லீவு கிடைக்காது. அப்போது கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை அக்கறை?

நாங்கள் இருப்பது புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், ஒரு பக்கம் கழிமுகம். காற்றிலும் உப்பு, நிலத்தடி நீரிலும் உப்பு. எங்கள் வீட்டில் மாமனார் காலத்துச் சிவப்புச் சிமென்ட் தரை. கண்ணாடி மாதிரி இருந்த தரைதான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் தரையில் அங்கங்கே வெடிப்பு. நடந்தால் 'டொக் டொக்' என்று சத்தம். வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது.

இன்னொரு காரணம்தான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. 2023-இல் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே புதிதாக டைல்ஸ் போட்ட பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் படுக்கையில் இருந்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அந்தப் பாத்ரூமை நான் போய்ப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. ஆனால் ஊற்றிய தண்ணீர் சாக்கடை ஜாலிக்குப் போகாமல் எதிர் மூலையில் போய் நின்றது. வாட்டம் தப்பு. வழவழப்பும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் வயதானவர் கால் என்ன செய்யும்?

அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் தரை தயாராக வேண்டும். அவர் நம்பிக் கால் வைக்கிற தரையாகவும் இருக்க வேண்டும். ஐந்து வருஷமாகக் கட்டிய சீட்டுப் பணம்தான் செலவுக்கு. இரண்டாம் முறை செய்ய வசதியில்லை.

கெடுவது ஓடு அல்ல

எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கே 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்கிற ஆங்கிலேயர் அகழ்ந்து பார்த்தபோது, ரோமாபுரி வியாபாரத்தோடு வந்த மண்பாண்டங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஈர மண்ணில் கிடந்தும் அவை மக்கவில்லை. நன்றாகச் சுட்ட மண்ணுக்கு அழிவு லேசில் வராது.

டைல்ஸும் சுட்ட மண்தான். களிமண்ணும் வேறு சில கற்பொடிகளும் சேர்த்து அழுத்தி, மேலே பளபளப்புப் பூச்சுக் கொடுத்து, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் சூளையில் சுடுகிறார்கள். நம் நாட்டில் இதற்குப் பேர் போன ஊர் குஜராத்திலுள்ள மோர்பி. ஆக, ஓடு கெடுவதில்லை. கெடுவது அதன் அடியில் இருக்கிற படுக்கைதான். கடையில் ஓட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று மணி நேரம் செலவிடுகிற நாம், அடியில் என்ன போடுகிறார்கள் என்று மூன்று நிமிஷம் கூடப் பார்ப்பதில்லை.

எந்த அறைக்கு எந்த ஓடு?

எல்லாவற்றையும் 'டைல்ஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அவற்றில் வித்தியாசம் உண்டு. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. சுவருக்கான செராமிக் ஓடு, 100 கிராம் எடைக்கு 10 கிராமுக்கு மேல் கூடத் தண்ணீர் குடிக்கும். லேசானது, தரைக்கு ஆகாது. 'விட்ரிஃபைடு' என்கிற ஓடு அரை கிராமுக்கு மேல் குடிக்காது. கெட்டியானது, ஹாலுக்கும் அறைகளுக்கும் ஏற்றது. தரைக்கென்றே செய்த செராமிக் ஓடுகள் இரண்டுக்கும் இடையில் நிற்கும்.

பாத்ரூம் தரைக்கும், பாத்திரம் துலக்கும் இடத்துக்கும், வாசற்படிக்கும் பளபளப்பு வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான 'மேட்' ரகம் வாங்குங்கள். சில பெட்டிகளில் ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். எண் போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஓட்டைத் தரையில் வைத்து நனைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலால் தேய்த்துப் பார்த்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! குளிக்கிற அறையில் ஷோரூம் மாதிரி காய்ந்த தரையா இருக்கும்?

பாத்ரூமுக்கு ஓரடிக்கு ஓரடி அளவுள்ள சின்ன ஓடு நல்லது. இரண்டடி ஓட்டில் வாட்டம் கொடுப்பது கஷ்டம். சின்ன ஓட்டில் வாட்டமும் சுலபம், இணைப்புக் கோடுகள் அதிகம் வருவதால் காலுக்குப் பிடிப்பும் கூடுதல்.

வாங்கும் கணக்கையும் நீங்களே போடலாம். எங்கள் ஹால் 14 அடிக்கு 12 அடி, அதாவது 168 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி ஓடு ஒன்று 4 சதுர அடி. ஆக 42 ஓடு. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 47. பெட்டிக்கு 4 ஓடு என்பதால் 12 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே 'பேட்ச்' எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறம் இம்மி மாறும். கடையில் தெரியாது, போட்ட பிறகு தெரியும். மிச்சம் நின்ற ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் மூன்று நான்கைப் பரணில் வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் தேடி அலைய வேண்டாம்.

ஆள் தேடிய கதை

முதலில் வந்தவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "சதுர அடிக்கு இவ்வளவு. நாலு நாளில் முடிச்சிடலாம்" என்றார். "பழைய தரையை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "அது மேலயே ஒட்டிடலாம்மா" என்றார். அடியில் உப்புப் பூத்து, 'டொக் டொக்' என்று சத்தம் வரும் தரையின் மேல் ஒட்டினால் புது ஓடும் அதோடு சேர்ந்து எழும்பிவிடாதா? மேலும் தரை ஒன்றிரண்டு அங்குலம் உயரும், கதவு இடிக்கும். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் என்னிடம் பேசவே இல்லை. "சார் எப்ப வருவார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தவர் முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் கையிலிருந்த சாவியால் தரையை நாலு இடத்தில் தட்டினார். பாத்ரூம் ஜாலியை எட்டிப் பார்த்தார். "அக்கா, இந்தத் தரையை எடுத்தே ஆகணும். அடியில ஈரம் ஏறுது. புதுசா ஜல்லி போட்டு, காய விட்டுத்தான் டைல்ஸ் ஒட்டணும். மூணு வாரம் ஆகும்" என்றார். கூலியும் மற்றவர்களை விடக் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் நாங்கள் கேட்காமலே 'ஆகும்' என்று சொன்னவரை விட, 'ஆகாது, நாளாகும்' என்று சொன்னவர் மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

"தம்பி, நீங்க ஒரு வருஷத்துக்கு முன்னால போட்ட வீடு ஏதாவது காட்ட முடியுமா?" என்று கேட்டேன். முதலியார்பேட்டையில் ஒரு வீட்டைக் காட்டினார். புதிதாகப் போட்ட தரை எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிய தரையைப் பார்த்தால்தான் வேலையின் லட்சணம் தெரியும். அந்த வீட்டு அம்மாளிடம் அனுமதி கேட்டு, பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சொல்லி வைத்தாற்போல் ஜாலிக்கு ஓடியது. அவரையே நிச்சயம் செய்தோம்.

பேசியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். தரைக்குச் சதுர அடிக்கு என்ன, சுவரோரப் பட்டைக்கு அடிக்கு என்ன, பாத்ரூமுக்கு என்ன, குப்பை அள்ளுவது யார், சிமென்ட், மணல், பசை வாங்குவது யார் என்று எல்லாம் எழுதிவிட்டால் கடைசி நாளில் மனஸ்தாபம் வராது. பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்கவில்லை. கொஞ்சம் முன்பணம், வேலை நடக்க நடக்கப் பாதி, முடிந்ததும் மீதி. பத்தில் ஒரு பங்கை மட்டும் இரண்டு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு தருவதாகப் பேசிக்கொண்டோம்.

தரையின் அடியில்

பழைய தரையைப் பெயர்த்து, மண்ணைக் கெட்டித்து, அதன் மேல் கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, பிறகு ஜல்லிக் கான்கிரீட் போட்டார்கள். தாள் எதற்கென்றால், கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க. ஈரம் மேலே வரும்போது மண்ணிலுள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும். அதுதான் நாம் பார்க்கிற வெள்ளைப் பூப்பு. எங்களைப் போல் கடலோரத்தில் இருப்பவர்கள் மணல் விஷயத்திலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கழிமுகத்து மணல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் உப்பை நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி.

கான்கிரீட்டை ஒரு வாரம் நனைத்து, பிறகு காய விட்டார்கள். இந்த நாட்களில்தான் அக்கம்பக்கத்தார், "இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். இட்லி மாவைப் பொங்க விடாமல் வார்த்தால் கல்லாகிவிடும், இல்லையா? சிமென்டுக்கும் அதன் நேரம் உண்டு.

பாத்ரூமில் ஓட்டுக்கு முன்னால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்தார்கள். தரையோடு நிற்காமல் சுவரிலும் ஓரடி உயரத்துக்கு. காய்ந்ததும் ஜாலியை அடைத்து, தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்தார்கள். மட்டம் குறைகிறதா என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தோம். மாடி வீட்டில் இருப்பவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது. கீழ் வீட்டுக்காரரோடு சண்டை வருவதெல்லாம் இதைச் செய்யாததால்தான்.

வாட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு: எட்டடி தூரத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம். அதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். ரொம்பக் கூடினால் வயதானவர்கள் நிற்கும்போது தடுமாறும்.

ஓடு ஒட்டும் நாள்

சிமென்ட் கலவையில் ஒட்டுகிற சுவர் ஓட்டைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்து, எடுத்து வடிய விட வேண்டும். காய்ந்த ஓட்டை அப்படியே ஒட்டினால் அது கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் போனால் சிமென்ட் இறுகாது, பொடியாக உதிரும். விட்ரிஃபைடு ஓட்டின் கதையே வேறு. அது தண்ணீரே குடிக்காது, அதனால் வெறும் சிமென்டும் அதைப் பிடிக்காது. அதற்கென்று மூட்டையில் வருகிற ஒட்டுப் பசை இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். பசையில் ஒட்டும்போது ஓட்டை ஊற வைக்கக் கூடாது, பின்புறத்துத் தூசியைத் துடைத்தால் போதும்.

பசையைப் பல் வைத்த கரணையால் சீப்பு வாரின மாதிரி கோடு கோடாகப் பரப்பி, ஓட்டை வைத்து அழுத்தி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் முதுகு முழுவதும் பசையில் படிய வேண்டும். எங்கள் ஊர்க் கோடைக் காற்றில் பசை சீக்கிரம் ஆடை கட்டிவிடும். அதனால் ஒரே நேரத்தில் அறை முழுக்கப் பரப்பாமல் நாலைந்து ஓட்டுக்கு மட்டும் பரப்ப வேண்டும். இறுகிய பசையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது வெறும் மண்தான்.

இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. பாத்ரூம் தரை போட்ட நாள் மேஸ்திரி வேறு வேலையாகப் போயிருந்தார். அவருடைய உதவியாள் ஒரு பையன் ஒட்டிக்கொண்டிருந்தான். மூட்டை தூக்க வந்த சித்தாள் அம்மா ஒருத்தி டீ குடிக்க உட்கார்ந்தபோது மெதுவாக என்னிடம், "எம்மா, ஒரு ரூபா காசு எடுத்துத் தட்டிப் பாருங்க. இருபது வருஷமா இந்த வேலைக்குப் போறேன், எனக்குச் சத்தம் தெரியும்" என்றாள்.

நேற்று ஒட்டிய ஹால் ஓட்டைத் தட்டினேன். 'டிங்' என்று கெட்டியான சத்தம். பாத்ரூமில் அன்று காலை வைத்ததைத் தட்டினேன். மண்பானையைத் தட்டின மாதிரி வெற்றுச் சத்தம். ஓடு படியவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது பையன் அடுத்த ஓட்டின் முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்துக்கொண்டிருந்தான். அப்படி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவில் பள்ளம் நிற்கும். அதில் தண்ணீர் போய்த் தங்கும், கனமான வாளி 'ணங்'கென்று விழுந்தால் ஓடு உடையும்.

மேஸ்திரி வந்ததும், "தம்பி, இந்த ஆறு ஓட்டையும் எடுத்துடுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, எத்தனையோ வீடு போட்டிருக்கேன். யாரும் இப்படிச் சொன்னதில்லை. இதெல்லாம் நிக்கும்க்கா" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த காசை அவரிடம் கொடுத்து, "நீங்களே தட்டுங்க. இதில நடக்கப் போறது இடுப்பொடிஞ்சு எழுந்த எங்க அத்தை. உங்க அம்மான்னா விடுவீங்களா?" என்றேன். அவர் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பேசாமல் கரணையை எடுத்து ஆறையும் பெயர்த்தார். பசை இன்னும் இறுகாததால் ஓட்டுக்குச் சேதமில்லை. அந்த ஆறையும் அதற்குப் பின் வந்தவற்றையும் அவரே தன் கையால் வைத்தார். மறுநாள் இறுகியிருந்தால் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், அன்றைய வேலையை அன்றே தட்டிப் பாருங்கள்.

யார் சொல்லித் தெரிந்தது என்று மேஸ்திரி கேட்டார். நான் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு ஆண்களுக்குக் கொடுக்கிற கூலி கிடையாது. ஆனால் அன்று என் சீட்டுப் பணத்தைக் காப்பாற்றியது அவள் காதுதான்.

இடைவெளியும் பூச்சும்

"ஓட்டோடு ஓடு ஒட்டிப் போட்டால் கோடு தெரியாமல் அழகாக இருக்குமே?" என்று நாத்தனார் கேட்டார். கூடாது. வெயிலிலும் ஈரத்திலும் தரை துளி விரியும், துளி சுருங்கும். விரிய இடம் இல்லாவிட்டால் ஒரு நாள் நட்டநடு ஹாலில் இரண்டு ஓடுகள் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். அதனால் ஓட்டுக்கு ஓடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குத்தான் பிளாஸ்டிக்கில் கூட்டல் குறி மாதிரி சின்னத் துண்டு வைக்கிறார்கள். சுவரை ஒட்டியும் அரை விரல் அளவு இடம் விட வேண்டும். சுவரோரப் பட்டை வைத்தால் அது மறைந்துவிடும்.

ஒட்டி ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் இடைவெளியில் பூச்சு அடைக்க வேண்டும். அதுவரை ஓட்டின் மேல் நடக்கக் கூடாது. பீரோ, கட்டில் எல்லாம் ஒரு வாரம் கழித்து நகர்த்துங்கள். சமையல் மேடைக்கும் பாத்ரூமுக்கும் எப்பாக்ஸி பூச்சு என்று ஒன்று வருகிறது. விலை அதிகம், ஆனால் எண்ணெயும் அழுக்கும் ஊறாது. எங்களுக்கு அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் கட்டுப்படியாயிற்று.

இளம் தாய்மார்களுக்கு

வேலை நடக்கும்போது கைக்குழந்தை இருந்தால் அம்மா வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். ஓடு வெட்டும்போது பறக்கிற மாவு போன்ற தூசியில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்கிற நோய் வரும். அதற்குக் குணப்படுத்தும் மருந்தில்லை. நமக்கு நாலு நாள் தூசி, அந்தத் தொழிலாளிக்கோ ஆயுசு முழுக்கத் தூசி. வீட்டுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். நான் மருந்துக் கடையில் முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கனமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஈரச் சிமென்டும் தோலை அரிக்கும். குழந்தைகள் காலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஆசிட் இணைப்புப் பூச்சை அரித்துவிடும், புகையும் மூச்சை அடைக்கும். அன்றன்று ஈரத்துணியால் துடைத்தாலே கறை தங்காது. ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துக் கொட்டாதீர்கள். அதிலிருந்து குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். அன்றாடம் துடைக்க வெந்நீரில் கொஞ்சம் சோப்பு போதும். சோப்பு வழவழப்பு நிற்காமல் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள்.

முடிந்த பிறகு

இரண்டு வாரம் புழங்கி, அறை அறையாகத் தட்டிப் பார்த்து, நிறுத்தி வைத்த பணத்தை மேஸ்திரியிடம் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் கொடுத்தோம். கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், கூலியை நேரத்தில் வாங்கும் உரிமை அவருக்கும் உண்டு. அதன் பிறகு எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு அவர்தான் போட்டார். போகிற இடத்தில், "அந்த அக்கா வீட்டைப் போய்ப் பாருங்க" என்று சொல்கிறாராம்.

பாத்ரூம் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பியும் பொருத்தினோம். ஓட்டில் ஓட்டை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்காமல் அடைத்துவிட்டார்கள். அத்தை வந்த முதல் நாள், வாக்கரை வெளியே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்து, கட்டை விரலால் தரையை அழுத்திப் பார்த்தார். இன்னொரு காலையும் வைத்தார். பிறகு, "நீ எதுக்கு நிக்கற? கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். இரண்டு வருஷமாக யாராவது ஒருவர் துணைக்கு நிற்காமல் அவர் குளித்ததில்லை.

சகோதரிகளே, நம் வீட்டில் டைல்ஸ் வேலை என்றால் கலரை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். வாட்டம் எந்தப் பக்கம், பசை முழுக்கப் படிந்ததா, இடைவெளி எவ்வளவு என்று இந்த மூன்றை மட்டுமாவது கேளுங்கள். முந்தானையில் ஒரு ரூபாய்க் காசை முடிந்துகொள்ளுங்கள். தட்டிப் பார்க்கப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும்.